பின் கோபுரத்துக்காரர்
போரில் தோற்ற எங்கள் நாட்டுக்கு டாங்கி செய்யத் தடை இருந்ததால், ரைன் ஆற்றங்கரைத் தொழிற்சாலையில் நாங்கள் அதைப் 'பெரிய டிராக்டர்' என்றுதான் சொல்வோம். அதற்கு, ஆள் உள்ளே உட்கார்ந்து சுடுவதற்கான மூன்று சுழல்கோபுரங்கள். வெள்ளிக்கிழமைதோறும் மரத்தால் செய்த மாதிரிக்குள் ஏறி உட்கார்ந்து, இடம் போதுமா என்று பார்ப்போம். பின் கோபுரம் மட்டும் காலியாக இருக்கும். அதை வரைந்த ஹென்னிங்காலேயே உள்ளே நுழைய முடியவில்லை.

"உன் தொப்பையை அளக்காமலே வரைஞ்சிட்டியேப்பா," என்பார் தலைமைப் பொறியாளர் லூடெக்கே. பிறகு கீழே நின்று ஒவ்வொருவராக விசாரிப்பார்.

"முட்டி இடிக்குது, சார்."

"கழுத்தைத் திருப்ப முடியல."

"இங்க தாராளமா இருக்கு, சார்," என்று பின் கோபுரத்திலிருந்து ஒரு குரல் வரும். ஹென்னிங் அப்போது லூடெக்கேயின் பக்கத்தில் நின்று காபி குடித்துக்கொண்டிருப்பான்.

"ஒருத்தராவது திருப்தியா இருக்காரே," என்பார் லூடெக்கே. எங்களுக்கும் அது பழகிவிட்டது.

வசந்தத்தில், எடை அதிகம் என்று ராணுவத்தார் சொன்னார்கள். பின் கோபுரத்தை அறுத்து அடுப்புக்குப் போட்டோம். ஹென்னிங் அன்று சாப்பிடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை எங்களை விசாரித்து முடித்ததும் லூடெக்கே தயங்கினார். எல்லோரும் காத்திருந்தோம்.

"இப்பதான் நல்லாக் காத்து வருது, சார்," என்றது பின்னாலிருந்து அதே குரல்.

ஹென்னிங் சிரித்துவிட்டான். கோபுரம் இருந்த வெற்றிடத்துக்குத் தன் காபிக் கோப்பையை நீட்டி, கையை எடுத்தான். கோப்பை விழவில்லை.