தொட்டிக்குப் பின்னால்

மோடத்தில் மறுபடியும் சிவப்பு லைட்.

பேசிக்கொண்டிருந்த மேனேஜர் பாதி திறந்த வாயோடு திரையில் அப்படியே நின்றுவிட்டார். ஹரிப்ரியா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

இன்னொரு தடவை மீட்டிங் நடுவே காணாமல் போனால், வீட்டிலிருந்து வேலை பார்த்தது போதும், ஹைதராபாத் ஆபீசுக்கே வந்துவிடு என்று போன வாரம்தான் அந்த வாய் சொல்லியிருந்தது. வீடு, புருஷன் நிதின், மாமனார் எல்லாம் சென்னைப் பக்கம் படூரில். ஹைதராபாத்தில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

"நீ பதறாதம்மா, நான் பார்க்கிறேன்" என்று மாமா ரவிச்சந்திரன் டெஸ்டரோடு வந்துவிட்டார்.

மாமா கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர். சர்வீஸ் முழுக்கக் கோளாறு தேடியே பழகிய மனுஷர், ஒரு பிசாத்து மோடத்திடம் தோற்பாரா? ஆபரேஷன் முடிந்து மகன் வீட்டுக்கு வந்ததிலிருந்து இதே வேலைதான். மோடத்தை ஃப்ரிட்ஜ் மேலிருந்து செருப்பு ஸ்டாண்டுக்கும், அங்கிருந்து சாமி அலமாரிக்கும் குடி மாற்றினார். ஊசியால் குத்தி ரீசெட் பண்ணினார். மைக்ரோவேவ் மேல் சந்தேகப்பட்டு ஒரு வாரம் அதைத் தொடவிடவில்லை.

கோளாறு பிடி கொடுக்கவில்லை. ஒரு நாள் காலையில் வரும், அடுத்த இரண்டு நாள் வராது. வந்தாலும் வெயில் ஏறினால் தானாகச் சரியாகிவிடும். மத்தியானம் கேபிள்காரர் ரமேஷ் வந்து பார்க்கும்போது பச்சை லைட் சமத்தாக எரியும்.

"எங்கியோ ஒயரு மடங்கிகினு கீது மேடம். ஆனா நான் வந்தா நல்லாத்தான் கீது" என்று தலையைச் சொறிந்துவிட்டு அவரும் போய்விடுவார்.

நெட் போனால் ஹரிப்ரியா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு ரிஃபானாவிடம் ஓடுவாள். இன்று அங்கே பூட்டு. ஒரு கல்யாணத்துக்குப் புதுப்பட்டினம் போயிருக்கிறார்கள். வீட்டுக்குள் செல்போனுக்கும் டவர் கிடைக்காது. மொட்டை மாடிதான் கதி.

லேப்டாப்போடு மாடி ஏறினாள். காலை வெயிலிலேயே தரை சுட்டது. நிழலுக்காகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனாள். துணிக் கொடி முன்பக்கம் இருப்பதால் அவள் இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

அங்கே ஒரு பெட்ஷீட் காய்ந்துகொண்டிருந்தது.

நெட்டுக்காகக் கேபிள்காரர் இழுத்துக் கட்டிய கறுப்பு ஒயரின் மேல்தான் அது கிடந்தது. ஈரத்தின் கனத்தில் ஒயர் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்து, சுவரில் ஆணி அடித்த இடத்தில் முழங்கை மாதிரி மடங்கியிருந்தது.

நீலக் கட்டம் போட்ட பெட்ஷீட். மாமாவின் கட்டிலில் விரிப்பது.

முதலில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. முன்பக்கம் அத்தனை நீளக் கொடி இருக்கிறது, கீழே வாஷிங் மெஷின் இருக்கிறது, இந்த மனுஷர் எதற்கு இதைக் கையால் துவைத்து இங்கே கொண்டுவந்து ஒளித்துக் காயப்போட வேண்டும்?

அப்புறம்தான் உறைத்தது.

ப்ராஸ்டேட் ஆபரேஷன் செய்த டாக்டர், கொஞ்ச நாளைக்குத் தூக்கத்தில் சிறுநீர் தெரியாமல் போகும் என்று சொல்லித்தான் அனுப்பினார். எனக்கு அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று வந்த வாரமே மாமா அடித்துச் சொல்லிவிட்டார். நிதின் நம்பினான், அவளும் நம்பினாள். சில நாள் மட்டும் அவர்கள் எழுந்திருப்பதற்கு முன்பே குளித்துத் திருநீறு பூசி நிற்பார். கடல் காற்று வாங்க மாடிக்குப் போனேன் என்பார்.

நெட் போனதெல்லாம் அந்த நாட்களில்தான்.

விடிவதற்கு முன்னால் ஈரத் துணியைச் சுமந்துகொண்டு, சத்தமே வராமல் எப்படித்தான் படியேறினாரோ. இதைப் பழைய டிவி கேபிள் என்று நினைத்திருப்பார்.

பெட்ஷீட்டைத் தூக்கினாள். ஒயர் நிமிர்ந்தது.

"பச்சை வந்துருச்சும்மா." கீழேயிருந்து வந்த மாமாவின் குரலில் அப்படி ஒரு பெருமை. "அடாப்டர்தான். நான் அப்பவே சொன்னேன்."

"ஆமா மாமா" என்றாள்.

லேப்டாப் வீட்டு நெட்டைப் பிடித்துக்கொண்டது. மேனேஜரின் வாய் மீதியையும் பேசி முடித்தது. ஈரப் பெட்ஷீட்டை மடியில் வைத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

மீட்டிங் முடிந்ததும் மாடிப்படிக்கு அடியில் கிடந்த நைலான் கயிற்றை எடுத்துவந்து, தொட்டிக் குழாயிலிருந்து கைப்பிடிச் சுவர்க் கம்பிவரை இறுக்கிக் கட்டினாள். பெட்ஷீட்டை எப்படி இருந்ததோ அப்படியே அதன்மேல் போட்டாள். காற்றுக்குப் பறக்காமல் இரண்டு கிளிப்பும் மாட்டிவிட்டாள்.

மத்தியானம் மாமா காற்று வாங்க மாடிக்குப் போனார். இறங்கி வர ரொம்ப நேரம் ஆனது.

வந்தவர் மோடத்தின் பக்கத்தில் நின்றார். அவள் லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"அடாப்டர் இல்லம்மா" என்றார். "இனிமே போகாது."

ஒரு ஃப்யூஸ் போனால்கூட அரைமணி நேரம் விளக்கம் சொல்லும் மனுஷர், அதோடு நிறுத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அவள் கைப்பக்கம் ஒரு டம்ளர் காபி வந்தது, சர்க்கரை தூக்கலாக.

சாயங்காலம் நிதின் வந்ததும் பச்சை லைட்டைப் பார்த்துவிட்டு, "கடைசில என்னதான்பா கோளாறு?" என்று கேட்டான்.

மாமா டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"காக்கா" என்றார்.

"ஒயர் மேல வந்து உட்காருது" என்றாள் ஹரிப்ரியா, சப்பாத்தியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. "அதுக்குன்னு தனியா ஒரு கயிறு கட்டிவிட்டாச்சு."