சிவப்புக் காரின் எஞ்சின்

"உண்மையைச் சொல்லுங்க கிராணியாரே, இது இந்தக் காரோட எஞ்சின்தானா?"

வயிரவன் கேட்டதும், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியார் சபாபதியின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாய்ப் பூத்தது. இத்தனைக்கும் மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. மலாயாவின் கூலாய் ஊர் முழுக்கக் குளிர்ந்து கிடந்த காலை நேரம்.

"பின்னே? சீமையிலேருந்து துரை இறக்கினது அப்படியே இருக்கு லா," என்றார் சபாபதி, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி.

ரப்பர் விலை விழுந்ததும் கப்பலேறிவிட்ட தோட்டத்துத் துரை, தன் கிராணியிடம் விட்டுப்போன ஸ்போர்ட்ஸ் கார் அது. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, கூரை கிடையாது. கொண்டை கலைகிறது என்று சபாபதியின் மனைவி கிருஷ்ணம்மா அதில் ஏற மறுத்துவிட்டாள். அதனால்தான் விற்க முன்வந்தார். ஜொகூர் பாருவில் துணிக்கடை வைத்திருந்த வயிரவனுக்கோ, அந்தக் காரைப் பார்த்த நாளிலிருந்து தூக்கமில்லை.

ஏமாந்துவிடக் கூடாதென்று நண்பன் மணியத்தையும் கூட்டி வந்திருந்தான். மணியம் பக்கத்துத் தோட்டத்தில், டாக்டர் இல்லாத சின்ன ஆஸ்பத்திரியில் டிரசர்; மருந்து கொடுப்பதும் கட்டுப் போடுவதும் அவன்தான். தன் மோட்டார் சைக்கிளைத் தானே பிரித்து மாட்டுகிறவன். ஓடுகிற எஞ்சின்மேல் திருப்புளியை ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டே கோளாறு சொல்லிவிடுவான்.

பானெட்டைத் திறந்து இருவரும் குனிந்தார்கள்.

"துரை ஓட்டின ஸ்போர்ட்ஸ் காருக்கு வால்வெல்லாம் எஞ்சின் தலைக்கு மேல இருந்துச்சுன்னு ஊரே சொல்லுது," வயிரவன் கிசுகிசுத்தான். "இதுல தலை சப்பையா இருக்கு, பிளக்கெல்லாம் மேல வரிசையா நிக்குது. வால்வு பக்கவாட்டுல கிடக்கு. இங்க பாரு, எஞ்சின் நம்பரை அரத்தால ராவியிருக்காங்க. போல்ட்டுக்கும் புதுசா ஓட்டை! வேற எஞ்சினை மாட்டியிருக்காங்க!"

மணியம் நிமிர்ந்து சபாபதியைப் பார்த்தான்.

அவர் காரை முடுக்க, இரும்புக் கைப்பிடியை முன்பக்கம் சொருகிச் சுற்றிக்கொண்டிருந்தார். இரண்டு சுற்றுக்கே நின்று, இடது தோளைத் தேய்த்துக்கொண்டார். மாட்டிக்கொண்டவர் முகம் எப்படி இருக்குமோ, அப்படி வெளுத்திருந்தது.

"விடுங்க! நீங்க கை வைக்காதீங்க," என்று கைப்பிடியைப் பிடுங்கினான் மணியம். "வயிரவா, நீ சுத்து."

வயிரவன் சுற்றினான். எஞ்சின் உறுமியது. மணியம் திருப்புளியை ஊன்றிக் காதைக் கொடுத்தான். ஆனால் கண்ணைச் சபாபதியிடமிருந்து எடுக்கவில்லை.

"மேடு ஏறினா மூச்சு வாங்குமா?"

"கொஞ்சம்... மேடுன்னா யாருக்குத்தான் வாங்காது?"

"பாத்தியா, பாத்தியா!" என்றான் வயிரவன்.

மணியம் பானெட்டை மூடினான். "ஜொகூர் பாரு வரைக்கும் ஓட்டிப் பாத்துடுவோம். இப்பவே. கிராணியாரே, நீங்களும் ஏறுங்க."

"நான் எதுக்குத் தம்பி?"

"நீங்கதான் முக்கியம். ஏறுங்க."

வயிரவன் ஸ்டியரிங்கைப் பிடித்தான். சபாபதி பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் பெட்டி வைக்கும் பள்ளத்தில் மணியம் மடங்கி உட்கார்ந்து, கையை நீட்டிச் சபாபதியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். திருடனைப் பிடித்த மாதிரி இருந்தது அந்தப் பிடி.

சிவப்புக் கார் பறந்தது. ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாய்ப் பின்னால் ஓடின. அன்னாசி ஏற்றி வந்த மாட்டுவண்டிக்காரன் ஒருவன், அலறி ஒதுங்கி மலாயில் திட்டினான்.

"எப்படி இழுக்குது பாரு!" வயிரவனுக்கு எஞ்சின் சந்தேகமே மறந்துவிட்டது.

"இன்னும் மிதி," என்றான் மணியம்.

மணிக்கட்டை விடுவிக்கப் பார்த்தார் சபாபதி. முடியவில்லை. சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"போதும் தம்பி, நிறுத்துங்க! சொல்லிடறேன்," என்று உடைந்து போனார். "சொந்த எஞ்சின் வெடிச்சுப் போச்சு. இது சிங்கப்பூர்ல சின்ன பஸ் ஒண்ணுல ஓடினது. நான்தான் ஆளை வெச்சு மாத்தினேன். நம்பரை ராவச் சொன்னதும் நான்தான்."

"அலமாக்! பஸ் எஞ்சினா?" வயிரவனின் கால் பிரேக்குக்குத் தாவியது.

"நிறுத்தினே, கொன்னுடுவேன்!" மணியம் கத்தினான். "பஸ் எஞ்சின்னா வழியில படுக்காது. அது போதும். மிதி!"

இப்படி ஒரு கோபத்தை வயிரவன் அவனிடம் பார்த்ததே இல்லை. மறுபடி மிதித்தான்.

சபாபதி கண்களை மூடிக்கொண்டார். "போலீசுக்கா கூட்டிட்டுப் போறீங்க?" என்று முனகினார். "கிருஷ்ணம்மாகிட்ட மட்டும் பக்குவமாச் சொல்லுங்க தம்பி. அவளுக்கு எஞ்சின் விஷயம் ஒண்ணும் தெரியாது."

மணியம் அந்த மணிக்கட்டை இன்னும் அழுத்திப் பிடித்தான்.

ஜொகூர் பாருவில் கடல் தெரிந்ததும், "நேரா போ, திரும்பு, அந்தக் கேட்டுக்குள்ள விடு," என்று வழி சொன்னான். கார் நிற்கும் முன்பே குதித்து உள்ளே ஓடினான்.

திரும்பி வந்தபோது, தூக்குப்படுக்கையோடு இரண்டு பேர் அவன் பின்னால் ஓடி வந்தார்கள். வெள்ளைக் கோட்டு டாக்டர் ஒருவரும் கூடவே வந்தார்.

சபாபதி மிரண்டு போனார். "நான்தான் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேனே தம்பி. இது யாருக்கு?"

மணியம் அவரை மெல்லத் தூக்கிப் படுக்கையில் சாய்த்தான்.

"உங்களுக்குத்தான் கிராணியாரே. நெஞ்சடைப்பு. நல்ல வேளை, வந்து சேந்துட்டோம்."