சீனியில்லா ஐஸ்கிறீம்

ஹிஸ்புல்லாவின் இடது கையில் நெய்னாரின் கழுத்து இருந்தது. வலது கையில் ஒரு கரண்டி நிறைய வெள்ளைத் தூள்.

"தின்னுடா! நஞ்சில்லையெண்டாத் தின்னு!"

புத்தளம் டவுனில் கடை வைத்திருக்கும் நெய்னார் தின்றார். தின்னாமல் என்ன செய்வார், கால் தரையில் படவில்லையே. அடுத்த கரண்டி போகும்போது கூடவே முஷ்டியும் கொஞ்சம் உள்ளே போய்விட்டது. கழன்ற பல்லை நெய்னார் துப்பி, துடைத்து, சேர்ட் பையில் போட்டுக்கொண்டார். வியாபாரி எதையும் வீணாக்குவதில்லை.

"வல்லாஹி நானா, இது சீனிக்குப் பதிலாப் போடுற பவுடர்! இதில சீனி மருந்துக்கும் இல்ல. உங்களுக்குச் சீனி வேற எங்கயோ இருந்து வருது!"

"வேற எங்க இருந்துடா? நான் இனிப்பெண்டு வாயில வைக்கிறதே இதப் போட்டு ஊட்டுல செய்யிற ஐஸ்கிறீம் மட்டுந்தானே!"

அவரை முட்டைத் தட்டுகளின் மேல் எறிந்துவிட்டு, ஹிஸ்புல்லா மோட்டார் சைக்கிளைத் தன் ஊரான மாம்புரிப் பக்கம் திருப்பினான். வழியில் ஒரு வேன்காரன் ஹோன் அடித்தான். அந்த வேனின் கண்ணாடி இன்னும் பாலாவியில் கிடக்கிறது.

அன்று காலையில்தான் டொக்டர் கையை விரித்திருந்தார். இரத்தத்தில் சீனி இறங்குவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போகிறதாம். போன வருடம் கால் பெருவிரலை வெட்டியாயிற்று. இப்படியே போனால் அடுத்தது கணுக்காலோடு. போட்டில் நின்று வலை இழுப்பவனுக்குக் கால் போனால் பிறகு என்ன மிச்சம்?

விரல் போன கதை ஊரில் வேறு. சீனி வருத்தம் என்று தெரிந்தால் ஆள் பலவீனம் என்று நினைப்பார்கள் என்று, சுறா கடித்ததாகச் சொல்லி வைத்திருந்தான். ஊர் நம்பியது. அந்தச் சுறாவுக்காகக் கொஞ்சம் கவலையும் பட்டது. உண்மையை வெளியே விட்டால் நாக்கை அறுப்பேன் என்பது மனைவி முஃப்லிஹாவுக்கு இட்ட கட்டளை.

விரல் போன பிறகு சோற்றையும் பாணையும் குறைத்தான். இனிப்பை மட்டும் விட முடியவில்லை. முஃப்லிஹா போனில் பார்த்துப் பழகினாள்: முட்டை வெள்ளைக்கரு, கட்டித் தயிர், அரைத்த கச்சான் கடலை, அவள் தம்பி கட்டாரிலிருந்து அனுப்பிய புரோட்டீன் பவுடர், சீனிக்குப் பதிலாக நெய்னார் கடைத் தூள். சீனி சேராததால் அது உறைந்து கருங்கல்லாக வந்தது.

ஹிஸ்புல்லா முதலில் கரண்டியை வளைத்தான். பிறகு கத்தியை உடைத்தான். பிறகு பெட்டியோடு தூக்கி அவள் மேல் எறிந்தான். அவள் குனிந்துகொண்டாள். சுவரில் விழுந்த ஓட்டையால் இப்போது நல்ல கடற்காற்று வருகிறது.

"இதுவும் ஒரு ஐஸ்கிறீமா? இனிப்பு எங்கடீ இதுல?" என்று அவன் போட்ட சத்தத்தில் மாம்புரிக் காகங்கள் எல்லாம் கற்பிட்டிக்குக் குடிபெயர்ந்ததாகச் சொல்வார்கள். அது மிகைப்படுத்திய பேச்சு. பாதிதான் போயின.

அன்றைக்கே பிரிட்ஜையும் கோடாரியால் பிளந்துவிட்டான். அதற்குப் பிறகு கலவையை முஃப்லிஹா காலையில் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு ஸபீனா ராத்தாவின் பிரீசரில் வைப்பாள். பின்னேரம் போய் எடுத்து வருவாள். ராத்தா பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஐஸ் பக்கட் செய்து விற்பவர், வாய் திறந்து அதிகம் பேசாதவர்.

அன்று போட்ட சத்தம் வீண்போகவில்லை என்று ஹிஸ்புல்லா நினைத்துக்கொண்டான். ஏனென்றால் அடுத்த கிழமையிலிருந்து ஐஸ்கிறீம் பட்டர் மாதிரி மெதுவாக வந்தது. பெட்டியை வழித்து நக்கினான். முஃப்லிஹாவுக்கு ஒரு கரண்டிகூட மிஞ்சுவதில்லை.

இப்போது வீட்டுக்கு வந்தவன் கதவைத் திறக்கவில்லை. கதவோடு சேர்ந்தே உள்ளே வந்தான்.

"எவன்ட சொல்லுக்குடீ என்னக் கொல்லப் பாக்கிறாய்?"

முதல் அடியில் அவளுடைய காதுத் தோடு பறந்தது. அடுத்த அடியில் அவளே பறந்துபோய் அலுமாரியில் மோதினாள். நெற்றி வெடித்தது.

"உங்களக் கொன்னா எனக்கென்ன கிடைக்கும்?" என்றாள், கண்ணில் வழிந்த இரத்தத்தைத் துடைத்தபடி. "கால வெட்டினா நான்தானே உங்களத் தூக்கித் திரியணும். இந்த ஊட்டுல சீனிப் போத்தலே இல்ல. வேணுமெண்டாத் தேடிப் பாருங்க!"

தேடினான். மிளகாய்த்தூள் சுவரில் தெறித்தது, அரிசி வாளி முற்றத்தில் உருண்டது, தயிர்ச் சட்டி நாலாக உடைந்தது. அடுப்படியில் ஒரு சிட்டிகை சீனி கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் கோபம் அடங்கியிருக்குமோ என்னவோ, கிடைக்காதது அவனுக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது. மூலையில் கிடந்த கோடாரியைத் தூக்கினான்.

"வேணாம்! உங்கட காலுக்காகத்தானே நான் இவ்வளவு பாடுபடுறேன்!"

"கடைசியாக் கேக்கிறேன். சீனி எங்கடீ?"

வேலிக் கடப்பால் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. ஸபீனா ராத்தா. காலில் செருப்பில்லை, தலையில் முக்காடு நழுவிக் கிடந்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த ஐஸ்கிறீம் பெட்டியைக் கோடாரிக்கும் முஃப்லிஹாவுக்கும் நடுவே நீட்டினார்.

"அவள அடிக்காதீங்க தம்பி! இண்டைக்கு இன்னும் கூடச் சீனி போட்டிருக்கேன்!"