கால்கட்டும் படலும்

பட்டிக்குள் ஒரு குதிரையும் ஒரு கழுதையும் அடைபட்டிருந்தன. மேயும்போது தூரம் போகாதபடி கழுதையின் முன்னங்கால்களை முதலாளி சேர்த்துக் கட்டியிருந்தான். குதிரைக்குக் கட்டு இல்லை. அதனால் விடுதலையைப் பற்றி அது நிதானமாக, அழகாகப் பேசும். கேட்டுக் கேட்டு ஒருநாள் கழுதை, வாசலை அடைத்திருந்த மூங்கில் படலைப் பின்னங்கால்களால் உதைத்துச் சாய்த்தது.

குதிரை வெளியே போய்த் திரும்பிப் பார்த்தது. “வா, இனி உன்னைத் தடுக்க யாருமில்லை.”

“கயிறு இருக்கிறதே. கொஞ்சம் கடித்துவிடேன்.”

“அடுத்தவர் விஷயத்தில் தலையிடுவது முதலாளி குணம். எனக்கு ஒத்துவராது. உன் கால், உன் இஷ்டம்.”

குதிரை மலையடிப் புல்லுக்குப் போய்விட்டது. கழுதை தத்தித் தத்தி வாசலைத் தாண்டுவதற்குள் வெயில் சாய்ந்தது. வாசலருகே இருந்த தொட்டியில் தண்ணீர் குடிக்க வந்த குதிரை, “இன்னும் இங்கேயா? உனக்குப் புல்லில் ஆசையே இல்லை போலிருக்கிறது” என்றது.

கழுதை கோபப்படவில்லை. “கொல்லையில் முதலாளி புதுப் படல் கட்டுகிறான். நம்மைப் பிடித்து அடைக்கும்போது என் பின்னங்கால்களையும் கட்டிவிடுவான். அப்புறம் படலை உதைப்பது உன் இஷ்டம்.”

குதிரை முதல்முறையாகக் குனிந்து அந்தக் கயிற்றைப் பார்த்தது.