விரல் வலிக்காத கிடார்

"புதுசா கத்துக்கற கை, அண்ணா. பத்து நிமிஷம் வாசிச்சாலே விரல் வலிக்குதுன்னு ஒரே புலம்பல். பார்க்கவே பாவமா இருக்கு" என்றபடி அந்த அம்மா எலக்ட்ரிக் கிடாரை மேஜைமேல் வைத்தார்.

கிடார் மெக்கானிக் ஒரு கம்பியை அழுத்திப் பார்த்தார். "கம்பி இவ்வளவு உயரத்துல இருந்தா யாருக்குத்தான் வலிக்காது? பாதிப் பிள்ளைங்க இதனாலதான் ஒரே மாசத்துல கிடாரைப் பரண்ல போட்டுடறாங்க."

பழைய கம்பிகளைக் கழற்றி, மெல்லிய கம்பிகளைப் போட்டார். கிடாரின் கழுத்தை நேராக்கி, கம்பிகளைத் தாழ இறக்கினார். விரல் பட்டாலே கிடார் பேசியது.

"இனிமே பாருங்க, கீழே வைக்கவே மனசு வராது" என்று பெருமையோடு கொடுத்தனுப்பினார்.

அடுத்த வாரமே அந்த அம்மா சிவந்த கண்களோடு கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். மெக்கானிக்குக்குத் திக்கென்றது.

"கம்பி இரையுதா? சுருதி நிக்கலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. கம்பியைப் பழையபடி மேலே ஏத்திடுங்க."

"ஐயோ, விரல் வலிக்குமேம்மா!"

"வலிக்கட்டும்! இப்ப வலிக்கவே மாட்டேங்குது, அதான் பிரச்சினையே. பொழுது விடிஞ்சா பொழுது போனா அதே நாலு சுரம். வீட்ல ஒருத்தரும் தூங்கலை."

மெக்கானிக் சிரித்துவிட்டார். "இதுக்குப் போயி நல்ல கிடாரைக் கெடுக்கணுமா? அவங்கப்பாவை ஒரு அதட்டுப் போடச் சொல்லுங்க."

"பிள்ளைங்க ரெண்டு பேரும் அதட்டிப் பாத்துட்டாங்க அண்ணா, கேக்கற மாதிரி இல்ல. வாசிக்கிறதே அவங்கப்பாதான்!"