கூடிப்போன அளவு

"அம்மா, கட்டி இல்லையாம்! ஈரல் பளிச்சுனு இருக்காம்!"

அம்மாவின் ஸ்கேன் முடிவை வாங்கிக்கொண்டு மதுரன் துள்ளி வந்த வேகத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அக்கரப்பத்தனையிலிருந்து நுவரெலியா வரும்வரை பஸ்ஸில் வாயே திறக்காதவன் அவன். மஞ்சள்காமாலைக் கிருமி ஈரலில் புற்றுநோயாக மாறித்தான் அப்பாவைக் கொண்டுபோனது. அதே கிருமி அம்மா அம்மாக்கண்ணுவுக்கும் உண்டு. போன மாதம் ஆஸ்பத்திரிக்காரர்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து எடுத்த அம்மாவின் ரத்தத்தில், புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் ஒரு புரதத்தின் அளவு கூடியிருக்கிறது என்றார்கள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது மனைவி கிருஷாந்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "இன்னைக்கு வீட்டுல கோழிக் கொழம்புதான்!"

டாக்டர் யூஜினா மட்டும் யோசனையோடு நின்றார். "கட்டி இல்ல, சந்தோசம். ஆனா ரத்தத்துல ஏன் அளவு கூடுச்சு? எதுக்கும் கண்டி பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிடுங்க."

மதுரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இப்பவே போறோம் டாக்டரம்மா! நான் வேன் பிடிக்கிறேன்!"

ஓடப் பார்த்தவனின் சட்டையை எட்டிப் பிடித்தாள் அம்மாக்கண்ணு. "நில்லுடா! அது என் ரத்தமே இல்ல."

"என்னம்மா சொல்ற?"

"ரத்தம் எடுத்த அன்னைக்கு மலையில நல்ல கொழுந்து. பாதியில வந்தா அரைப் பேரு, அரை நாள் சம்பளம்தானே போடுவாங்க? மருமக தலைசுத்துதுன்னு வேலைக்கு வராம லயத்து வீட்டுல நின்னுட்டா. எனக்குக் கொழுந்து கொறஞ்சா தன்னோடத என் பேருக்கு நிறுக்குறவதானே? அதுமாதிரி ரத்தத்தையும் என் பேருக்குக் குடுத்துடும்மான்னேன். ஒரே வீட்டு ஆளுதானே! நீ திட்டுவேன்னு சொல்லல."

"நானும் வெவரம் தெரியாம குடுத்துட்டேங்க" என்றாள் கிருஷாந்தி.

மதுரன் சட்டென்று கிருஷாந்தி பக்கம் திரும்பினான். கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகவில்லை. "அப்ப… அந்த நோய் இவளுக்கா டாக்டரம்மா?"

டாக்டர் அம்மாக்கண்ணுவை முறைத்தார். "உங்க ரத்தத்தை இன்னைக்கே எடுக்கணும். இனிமே ஆள் மாத்துற வேலை வேணாம்!" பிறகு கிருஷாந்தியின் காதில் ஏதோ கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னாள். உள்ளே அழைத்துப்போய்ச் சோதித்தவர் வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தார்.

"ஈரல்ல புத்துநோய் வந்தா மட்டுமில்ல தம்பி, வயித்துல பிள்ளை வளந்தாலும் இந்த அளவு கூடும்!"