கொஞ்சம் மெதுவாகத் துடியேன்

ஓர் ஆய்வகத்தில், ஒரே பெண்ணின் தோல் துணுக்கிலிருந்து ஒரே நாளில் இரண்டு குட்டி இதயங்களை வளர்த்தார்கள். மிளகளவுதான் இருக்கும். ஒரு தட்டின் அடுத்தடுத்த குழிகளில் இரண்டும் ஒன்றுபோலத் துடித்துக்கொண்டிருந்தன. முதுமை எப்படி வருகிறதென்று பார்க்க, ஆராய்ச்சி மாணவி வான்மதி இடப்பக்கத்து இதயத்துக்கு மட்டும் தினம் ஒரு சொட்டு, முதுமையை வரவழைக்கும் மருந்து விட்டாள். வலப்பக்கத்ததை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அப்படியே விட்டுவைத்தாள். ஏன் இடது என்று கேட்காதீர்கள். கை போன பக்கம் அதுதான்.

இருபதே நாளில் இடது தளர்ந்துபோனது.

"என்னடி கிழவி, நான் மூணு தடவை துடிக்கிறதுக்குள்ள உனக்கு ஒண்ணுதானா?" என்றது வலது.

"நாம ஒரே நாள்ல பிறந்தவங்கடி. கொஞ்சம் மெதுவாத் துடியேன், சேர்ந்து போகலாம்."

"நான் ஏன் குறைச்சுக்கணும்? என்னை வெச்சுத்தான் உன்னை அளக்கிறாங்க. முடிஞ்சா நீ வேகமா வா!"

வாதத்தில் வலதுதான் ஜெயித்தது. இடது அப்புறம் கேட்கவே இல்லை.

ஒரு காலையில் இடது அசையாமல் கிடந்தது. வான்மதி அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வலதுக்கு அப்போதுதான் திக்கென்றது. காலியான குழியின் பக்கம் திரும்பி, முதல்முறையாக மெதுவாகத் துடித்துப் பார்த்தது. அதில் ஒரு கஷ்டமும் இல்லை. அதுதான் அதற்குத் தாங்கவில்லை. பிறகு அது வேகம் கூட்டவே இல்லை.

மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்த வான்மதி உதட்டைப் பிதுக்கினாள்.

"இதுக்கு நான் மருந்தே விடலையே. இது எப்படிக் கிழடாச்சு?"